அரை நூல் தள்ளி

என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் கால் அங்குலம். முகத்துக்கு நேரே அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. பட்டப்பெயர் எனக்கும் என் மகளுக்கும் நடுவில் மட்டும் புழங்கியது. ஒருநாள் மகள் வாய் தவறி, "கால் அங்குலம் சாப்பிட வருதா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். அறைக்குள்ளிருந்து, "கால் அங்குலம் அஞ்சு நிமிஷத்துல வருதுன்னு சொல்லு" என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட ஆள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை பார்த்தார். துணி அறை என்றால் நிலத்தடியில், கொதிகலனுக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஒரு கூடம். கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த நோயாளி அங்கி, பட்டன் போன டாக்டர் கோட்டு எல்லாம் தள்ளுவண்டியில் வந்து குவியும். தைத்துத் தைத்து மேலே அனுப்ப வேண்டும். தைக்கவே முடியாததைக் கழித்துக் கட்டுவார்கள். நடுவில் நைந்து போன விரிப்பில் ஓரங்கள் நன்றாகத்தான் இருக்கும். அக்கா அவற்றை வெட்டி எடுத்து, சாப்பாட்டு இடைவேளையில் குழந்தைகள் வார்டுக்கு ஒட்டுப்போர்வை தைக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் போர்வை நாலு மூலையும் நாலு பக்கம் இழுத்துக்கொண்டு, படுக்கையில் படுக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்ததாம். அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது.

விஷயம் இதுதான். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சட்டையில் கொஞ்சம் முன்பின் ஆனால் போடுகிறவர் வயிற்றை எக்கிக்கொள்வார். போர்வைக்கு வயிறு கிடையாது. நூற்றுக்கணக்கான தையல். ஒவ்வொன்றிலும் மயிரிழை கூடினால் கடைசியில் ஒரு கை அகலம் காணாமல் போயிருக்கும். தையல்காரர்கள் அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டு ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். கால் அங்குலம் என்றால் இரண்டு நூல். இந்த இரண்டு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா முப்பது வருஷம் ஓட்டினார்.

ஓய்வு பெற்றதும் எங்களோடு வந்துவிட்டார். இரண்டாவது மாடியில் மூன்று அறை வீடு. அக்காவோடு ஒரு தையல் மெஷினும், இஸ்திரிப்பெட்டியும், துணி அடைத்த நாலு அட்டைப்பெட்டியும் வந்தன. வெளிச்சம் வருகிற முன்னறையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? நான் பல் டாக்டர் ஒருவரிடம் அரை நாள் வரவேற்பு மேஜையில் உட்கார்கிறவள். காலையெல்லாம் மற்றவர்கள் ஆவென்று வாயைத் திறப்பதைப் பார்த்துவிட்டு வருகிற எனக்கு, அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆசையிருக்காதா?

முதல் வாரமே ஒருமுறை கேட்டுவிட்டேன். "துணியை வெட்டி வெட்டித் துண்டாக்கி, அப்புறம் அதே துண்டை உக்காந்து சேர்க்கறதுக்கு, வெட்டாமலேயே இருந்திருக்கலாமேக்கா?" அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். புதுத் துணியோ பழையதோ, முதலில் வெந்நீரில் அலசிக் காய வைப்பார். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், சாயம் போவது இப்போதே போகட்டும் என்பார். அப்புறம் இஸ்திரி. அப்புறம் அளந்து வெட்டுதல். தைத்த பிறகு ஒவ்வொரு தையலையும் கருநிறத் துணிப் பக்கமாக மடித்து மறுபடி இஸ்திரி. ஒரு வரிசையில் இடப்பக்கம் மடித்தால் அடுத்த வரிசையில் வலப்பக்கம். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உட்காரும். நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன், மேடே தெரியாது.

கால் அங்குலத்துக்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. மெஷினின் தட்டில், ஊசிக்கு வலது பக்கம், ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியை ஆறேழு அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு சின்னக் கரை கட்டியிருந்தார். துணியின் ஓரம் அந்தக் கரையை உரசிக்கொண்டே போனால் தையல் சரியாகக் கால் அங்குலத்தில் விழும். துணி அறையில் இருந்த நாளிலிருந்து அதே மெஷின், அதே கரை. வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அந்த மெஷினை யாரும் தொடக் கூடாது. தூசு தட்டக்கூடக் கூடாது.

இப்படியிருக்க, மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. வருஷத்தில் பாதி நாள் பல் கிட்டிப்போகிற குளிர். "கடையில ஒரு கம்பளி வாங்கிக்கறேன்" என்றாள். அத்தை பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

அக்கா கணக்குப் போட்டார். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சின்னச் சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டம். அப்படி ஐம்பது கட்டம். நடுநடுவே வைக்க ஒட்டில்லாத வெறும் சதுரம் நாற்பத்தொன்பது. கட்டமும் வெறும் சதுரமும் ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். துணியெல்லாம் வீட்டுத் துணி. மகளின் பழைய பள்ளிச் சீருடை, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற என் வீட்டுக்காரரின் நீலச் சட்டைகள், நான் ஆசையாக வாங்கி ஒருமுறைகூடப் போடாத மஞ்சள் கவுன். அந்தக் கவுன் என் அலமாரியிலிருந்து அக்காவின் கத்தரிக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டால், "உனக்கு அது பத்தாது" என்பார்.

இருபத்தெட்டு கட்டம் முடிந்திருந்தபோது, பழைய ஆஸ்பத்திரித் தோழி கூப்பிட்டார் என்று நாலு நாள் போய்விட்டு வந்தார். வந்து மீதி இருபத்திரண்டையும் தைத்தார். தைத்த கட்டத்தை அளந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "அளக்கறது சந்தேகம் இருக்கறவங்க வேலை" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவை நகர்த்திவிட்டுக் கூடத்துத் தரையில் எல்லாவற்றையும் பரப்பினார். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வழக்கமாக, "அங்க மிதிக்காத, இங்க நிக்காத" என்று சத்தம் வரும். அன்று ஒன்றுமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு கட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்திருந்தார்.

"ஆறேகால்" என்றார்.

"என்னக்கா?"

"இது ஆறேகால் இருக்கு. இதுவும் ஆறேகால். இதுவும்."

முதல் இருபத்தெட்டும் அச்சில் வார்த்ததுபோல் ஆறரை. பின்னால் தைத்த இருபத்திரண்டும் கால் அங்குலம் குறைவு. வெறும் சதுரத்தின் பக்கத்தில் வைத்தால் மூலைகள் சேரவே இல்லை. நான் சிரித்துத் தொலைத்தேன். "பாத்தீங்களா, கால் அங்குலத்துக்கே கால் அங்குலம் ஏமாத்தம்!" அக்கா சிரிக்கவில்லை. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அன்று மதியமே ஒரு கட்டத்தைப் பிரித்து மறுபடி தைத்தார். ஆறேகால். மறுபடி பிரித்தார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைத்தார். ஆறேகால். விட்ட ஓரத்தை அளந்தால் இரண்டு நூலுக்குப் பதில் இரண்டரை இருந்தது.

"கரையை ஒட்டித்தான் ஓட்டினேன். இம்மிகூட விலகலை. சத்தியமா சொல்றேன், என் கண்ணுக்கு ஒட்டித்தான் தெரிஞ்சுது" என்றார். அவர் சத்தியம் பண்ணி நான் கேட்டதே இல்லை. நான் ஒருத்தி, "விடுங்கக்கா, அரை நூல்தானே" என்று சொல்லப்போய், வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு தையலுக்கு இரண்டு துணி, ஒவ்வொன்றிலும் அரை நூல், ஆக ஒரு நூல். குறுக்கே இரண்டு தையல், ஆக இரண்டு நூல். அதுதான் அந்தக் கால் அங்குலம்.

வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து வந்ததும் மெஷினைக் கழற்றிப் பார்த்தார். பெல்ட், ஊசி, அடியில் பற்சக்கரம் எல்லாம் பார்த்து எண்ணெய் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "மெஷின் தங்கம் மாதிரி இருக்குக்கா. ஒரு குறையும் இல்ல" என்றார். நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

"அப்போ கோளாறு மெஷின்ல இல்ல" என்றார் அக்கா.

மறுநாள் நான் லீவு போட்டுக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசித்து, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்துவிட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா? பழைய கண்ணாடியே போதும்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "கண்ணு நல்லாயிருக்குன்னா சந்தோஷப்படணும்ல? என்னக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு வர்றீங்க?"

"அம்மாவுக்கும் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

மாமியாரை நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டார். ஏதோ நோய் என்று மட்டும் தெரியும். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெல்லச் சொன்னார். அம்மாவும் தைக்கிறவர்தான். முதலில் ஒரு சட்டைக்குக் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்தாராம். எல்லோரும் சிரித்தார்களாம். "நான்தான் ரொம்பச் சிரிச்சேன்" என்றார். சரியாகத்தான் வைத்தேன், என் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். அப்புறம் தெருவை மறந்தார். அப்புறம் மகளையே மறந்தார். ஆறு வருஷம். தம்பி வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். அக்கா அம்மாவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போய், பூட்டைத் திறந்து வீட்டுக்கு வந்தார்.

"பூட்டும்போது உள்ள இருந்து கூப்பிடுவாங்க. என் பேரைச் சொல்லி இல்ல. 'யாராவது இருக்கீங்களா'ன்னு."

முந்தின நாள் நான் சிரித்தது ஞாபகம் வந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. "சும்மா இருங்கக்கா, கண்டதையும் நினைச்சுக்கிட்டு" என்று அதட்டினேன். பயம் வந்தால் எனக்கு அதட்டத்தான் வரும்.

அதற்குப் பிறகு அக்கா மெஷின்மேல் உறையைப் போட்டு மூடினார். அடுப்படி டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்ட ஆரம்பித்தார். உப்பு, சர்க்கரை, தேயிலை. கேட்டால், "இப்பவே ஒட்டிட்டா அப்புறம் தேட வேண்டாம்" என்றார். பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று தம்பி கெஞ்சினார். "காட்டினா மட்டும் நிக்கவா போகுது? அம்மாவுக்குக் காட்டலையா?" என்றார். கீழ்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு மெஷினை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சாயந்திரம் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாக டீச்சர் சொன்னார். ஆஸ்பத்திரித் தோழியிடம் போனில் பேசி முதியோர் இல்லம் ஒன்றின் விலாசம் வாங்கினார். எங்களை உட்கார வைத்து, "என்னைப் பூட்டி வச்சிட்டு நீங்க வேலைக்குப் போற நாள் வரக் கூடாது. எனக்கே யோசிக்கத் தெரியறப்பவே போயிடறேன்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டார். அவர் அழுதது எங்களுக்குக் கேட்கக் கூடாதாம்.

வியாழக்கிழமை காலை அக்காவும் தம்பியும் அந்த இல்லத்தைப் பார்க்கப் போனார்கள். நான் வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டில் யாருமில்லை. மெஷின் சாயந்திரம் போய்விடும். மகள் கிளம்பப் பத்து நாள்தான். போர்வை பாதியில் கிடக்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எழுந்து போய் உறையைத் தூக்கினேன். நாலு கட்டமாவது நாமே தைத்துப் பார்ப்போம், கோணலாக இருந்தால் என் மகளுக்குத்தானே, சகித்துக்கொள்வாள்.

சின்னச் சதுரங்கள் வெட்டி மிச்சமிருந்தன. ஒன்பதை எடுத்தேன். கரையை ஒட்டியே, நத்தை வேகத்தில் ஓட்டினேன். ஆறு சின்னத் தையல், இரண்டு நீளத் தையல். இஸ்திரி போட்டு ஸ்கேலை வைத்தேன்.

ஆறேகால்.

முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நானும் கரையை ஒட்டித்தான் ஓட்டினேன். எனக்கும் ஒட்டித்தான் தெரிந்தது. அப்படியானால் எனக்கும் மூளை கலங்கிவிட்டதா? ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு, அதுவும் ஒரே அளவில், இரண்டு நூல் கணக்காகவா கலங்கும்? குனிந்து கரையைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது.

ஏனென்றால் அந்தக் கரையை ஒட்டியவள் நான்.

அக்கா தோழி வீட்டுக்குப் போன நாலு நாளில், கூடத்துத் திரைச்சீலை தரையில் புரள்கிறதே, கொஞ்சம் மடித்துத் தைப்போம் என்று மெஷினைத் தொட்டேன். தடித்த மடிப்பு, கரையில் முட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. கரையை நகத்தால் நெம்பி எடுத்தேன். தைத்து முடித்ததும் தட்டில் இருந்த பழைய பிசினை ஸ்பிரிட் போட்டுப் பளபளவென்று துடைத்தேன், அடையாளம் தெரியக் கூடாதே! அடியில் ஒரு புதுப் பிளாஸ்திரியைக் கொடுத்து, பழையபடியே ஒட்டினேன். எப்படி? கண்ணால் பார்த்து! ஒரு ஸ்கேலை எடுத்து வைக்கத் தோன்றவில்லை எனக்கு. அக்கா திரும்பி வந்து கண்டுபிடிக்கவில்லை என்றதும், தப்பித்தோம் என்று அதோடு மறந்தே போனேன். அக்காவுக்கும் சந்தேகம் வர வழியில்லை. தம்பியையும் என்னையும் சந்தேகப்படுவார், தன் கண்ணையே சந்தேகப்படுவார், அந்தக் கரையை மட்டும் சந்தேகப்பட மாட்டார். முப்பது வருஷமாக அவருக்கு அதுதான் அளவு.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டால்? இடம் காலியாக இருக்கிறது, இன்றே வந்துவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டால்? ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். உண்மையைச் சொன்னால் என் கதி என்ன என்றும் நடுவில் ஒரு நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். கரையைச் சத்தமில்லாமல் சரியாக ஒட்டிவிட்டு, "இன்னொரு தடவை தைச்சுப் பாருங்கக்கா" என்று சொன்னால் போதாதா? ஸ்கேலைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் கீழே வைத்தேன். அப்படிச் செய்தால் இந்த இருபத்திரண்டு கட்டம் ஏன் குறைந்தது என்று அந்த மனுஷி சாகிறவரை யோசித்துக்கொண்டிருப்பார்.

நாலு மணிக்கு வந்தார்கள். அக்காவின் கையில் ஒரு விண்ணப்பத் தாள்.

"இடம் சுத்தமா இருக்கு. ஜன்னலோரக் கட்டிலே தர்றாங்களாம்" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"அக்கா, நான் மெஷினைத் தொட்டேன்."

"தொட்டுக்கோ. டீச்சர் வீட்டுக்குப் போற மெஷின்தானே."

"இன்னிக்கு இல்லக்கா. நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ. திரையை மடிச்சுத் தைச்சேன். கரை இடிச்சுது. பிச்சு எடுத்துட்டேன். அப்புறம் நான்தான் திரும்ப ஒட்டினேன். அளக்காம ஒட்டினேன். நான் தைச்சாலும் ஆறேகால்தான்கா வருது, இங்க பாருங்க!"

என் கட்டத்தை நீட்டினேன். அக்கா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மெஷினுக்குப் போனார். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்கினார். ஊசிக்கும் கரைக்கும் நடுவே ஸ்கேலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டரை" என்றார்.

அப்புறம் தம்பியைக் கூப்பிட்டார். "டேய், இங்க வந்து பாரு. எவ்வளவு இருக்கு?"

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "ரெண்டரை நூல்க்கா."

"ரெண்டரை!" என்று அக்கா கத்தினார். "ரெண்டரைடா! ரெண்டரைக்கு வச்சு ஓட்டினா ரெண்டரைதான் வரும்! நான் சரியாத்தான் ஓட்டியிருக்கேன்! அத்தனையும் சரியா ஓட்டியிருக்கேன்!" நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரித்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் தோன்றாமல் சிரித்தார். எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

"திட்டிடுங்கக்கா. நாலு அறைகூட விடுங்க."

"இரு. திட்டாம விடுவேனா? முதல்ல கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுக்கறேன்."

விண்ணப்பத் தாளை எடுத்தார், மேஜைமேல் இருந்த கத்தரியையும் எடுத்தார். வெட்டப் போனவர் நிறுத்தி, தாளைத் தம்பியிடம் நீட்டினார். "நீ கையால கிழி. துணி வெட்டற கத்தரியில பேப்பர் வெட்டினா முனை மழுங்கிடும்." தம்பி அதைப் பதினாறு துண்டாகக் கிழித்தார். இன்னும் கிழித்திருப்பார், கைக்கு அடங்கவில்லை.

ஐந்து மணிக்கு டீச்சர் அனுப்பிய ஆள் மெஷினுக்கு வந்து நின்றார். "எந்த மெஷின்?" என்று கேட்டார் அக்கா. "டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன், நீ போய்ட்டு வாப்பா."

அதற்குப் பிறகு திட்டினார். அதை எழுத எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் திட்டினார். உப்பு டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்தபடி திட்டினார், சாப்பிடும்போது திட்டினார், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து திட்டினார். கரையை ஸ்கேல் வைத்துத் தானே சரியாக ஒட்டினார். பெரிய ஆறரைகளை வெட்டிச் சின்னதாக்கிவிட்டால் எல்லாம் ஒரே அளவாகிவிடுமே என்று நான் யோசனை சொன்னேன். அதற்கும் திட்டு. ஓரத்துச் சதுரங்கள் ஒல்லியாகப் போய்விடுமாம், பார்க்கிற கண்ணை உறுத்துமாம். கடைசியில் தண்டனை முடிவாயிற்று. இருபத்திரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் எட்டுத் தையல், ஆக நூற்று எழுபத்தாறு. எல்லாவற்றையும் துணி இழுபடாமல் நான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஜன்னலோரம் எனக்கும் ஒரு நாற்காலி விழுந்தது. தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு, நாலு ஊசிக்குத்துக்கு ஒருமுறை நூலை அறுத்து உருவ வேண்டும். பிரிக்கப் பிரிக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார். ஆறரை, ஆறரை, ஆறரை. இப்போது ஒவ்வொன்றையும் அளந்தார். அளந்துவிட்டு ஒவ்வொரு தடவையும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா, முதல் நாளே ஒரு வார்த்தை, யாராவது மெஷினைத் தொட்டீங்களான்னு கேட்டிருக்கலாம்ல? இவ்வளவு தூரம் போயிருக்காதே."

மெஷின் நின்றது.

"கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு" என்றார். "பஸ்ல வர்றப்போகூட வந்துச்சு. நீ தொடலைன்னு சொல்லிட்டா? அப்புறம் எனக்கு வேற என்ன மிச்சம் இருக்கும்? கேக்காத வரைக்கும், ஒருவேளை நீ தொட்டிருப்பேன்னு ஒண்ணு இருந்துச்சு. அதை வச்சுத்தான் அந்த ஒரு வாரம் தூங்கினேன்."

அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்த வாய்க்குப் பயந்து, யோசிக்கக்கூட மாட்டேன், சட்டென்று சொல்லியிருப்பேன்.

"தொடலைன்னுதான்கா சொல்லியிருப்பேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டி என் மடியில் உதிர்ந்து கிடந்த நூலையெல்லாம் மெதுவாகத் தட்டிவிட்டார்.

"தெரியும்" என்றார். "இன்னும் ஒன்பது இருக்கு. பிரி."